வியாசர்பாடியில் கார்பன் கான்க்ரீட் எர்த்திங்: ஒரு கோடை தாண்டிய பிறகு

கரி கலந்த, கரண்ட் கடத்துகிற கான்க்ரீட்டை ஊற்றி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் புது எர்த்திங் (கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற ஏற்பாடு) போட்டது போன மழைக்காலத்துக்கு முன்னால். இப்போது ஒரு முழுக் கோடையும் தாண்டிவிட்டதால் மீட்டர் ரீடிங்கை வைத்தே எழுதுகிறேன். வேலை நன்றாக இருக்கிறது, பொருளும் உழைக்கிறது, போட்டதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் "நானோ கார்பன் சார், ஒரு ஓமுக்குக் கீழே வந்துடும்" என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். ஓம் என்பது கரண்ட் மண்ணுக்குள் இறங்குவதற்கு இருக்கிற தடை, குறையக் குறைய நல்லது. அந்த ஒரு ஓம் வரவில்லை, வியாசர்பாடி மண்ணில் ஒரு குழியில் வரவும் வராது. கிடைத்தது வேறொரு நன்மை. அதுவும் காசு கொடுத்து வாங்கத் தக்கதுதான், என்ன ஏது என்று தெரிந்து வாங்கினால்.

இடம் தொழிற்பேட்டைக்குப் பக்கம். இரண்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற கடைசல் மெஷின்), ஒரு பழைய லேத், வெல்டிங் செட், கம்ப்ரஸர். வட சென்னையில் நிறைய இடங்களைப் போல இதுவும் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கின நிலம். மேலே ஒரு மீட்டருக்கு உடைந்த செங்கலும் சிமென்ட் கட்டியும்தான், அதற்குக் கீழேதான் நிஜ மண். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், வெயில் வந்தால் அந்த மேல் அடுக்கு சுத்தமாகக் காய்ந்துவிடும். பழைய எர்த் பிட் வழக்கமான ரகம்: இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், சுற்றி உப்பும் அடுப்புக் கரியும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். ஏப்ரல், மே மாதங்களில் யாராவது ஞாபகமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் அளந்தபோது 19 ஓம் காட்டியது.

அந்தப் பைப்பை வெளியே எடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் பாய் சுற்றிலும் தோண்டி அசைத்தார். மேலே தெரிகிற முழ நீளம் பளிச்சென்று இருக்கிறது, க்ளாம்ப் இறுக்கமாக இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிற யாரும் எர்த் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மண்ணுக்குள் போன பகுதியில் ஜிஐ பூச்சே இல்லை, இரும்பு தகடு தகடாக உரிந்து நிற்கிறது, டெஸ்டரை வைத்து அழுத்தினால் நுனி உள்ளே போய்விடுகிறது. கரி ஒட்டியிருந்த பக்கம்தான் அதிகமாக அரித்திருந்தது. "பைப்பு போச்சுப்பா, மேல இருக்கிறதுதான் பைப்பு, கீழ ஒண்ணுமில்ல" என்றார். இன்னொரு ஜிஐ பைப்பையே இறக்கிவிடலாமா என்று கேட்டேன். "இறக்கலாம். கொஞ்ச வருஷத்துல நான்தான் மறுபடியும் வந்து தோண்டணும்" என்றார். அப்புறம்தான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

வந்தவர்கள் எர்த்திங் மட்டுமே செய்கிற ஒரு சின்ன குழு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் ஒரு குறையும் சொல்லப் போகிறேன். 200 மில்லிமீட்டர் ஆகர் (மண்ணைத் துளைக்கிற திருகு) வைத்து மூன்று மீட்டர் ஆழத்துக்கு இரண்டு குழிகள், இரண்டுக்கும் நடுவே ஆறு மீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றிலும் 16 மில்லிமீட்டர் காப்பர் பாண்டட் ராடு (செம்பு பூசின இரும்புக் கம்பி), சுற்றிலும் கண்டக்டிவ் கலவை. இடிபாட்டில் ஆகர் சிக்கிக்கொண்டு மேல் மீட்டரைக் கடப்பாரையால்தான் உடைத்தார்கள், அதற்குச் சலிக்கவே இல்லை. குழிக்கு ஐந்து மூட்டை போனது, மூட்டை 25 கிலோ. இடைவெளி விஷயத்தில் அவர்கள் பிடிவாதமாக இருந்தது எனக்குப் பிடித்தது: ராடின் நீளத்துக்கு இரண்டு மடங்காவது தள்ளிப் போட்டால்தான் இரண்டாவது குழிக்குப் பலன் உண்டு, பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

கலவை போடும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மூட்டையைப் பிரித்தால் சிமென்ட் நிறம் இல்லை, அடர் கறுப்பு. விரலில் தேய்த்தால் ரேகைக்குள் இறங்கிவிடுகிறது, சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நிற்கிறது. இது டயருக்குள் போகிற கார்பன் பிளாக் வகைத் தூள்தான், கூடவே கிராஃபைட்டும். திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறுப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு துகளும் சில பத்து நானோமீட்டர் அளவு என்பதால் "நானோ" என்று மூட்டையில் போட்டிருப்பது பொய் இல்லை. விலை ஏற்றுவதற்குத்தான் அந்தச் சொல் அதிகம் உதவுகிறது.

இந்தக் கரிக்குத் தண்ணீர் ஆகாது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாகும். உருண்டையாக நின்றுவிட்டால் காசு வீண். கான்க்ரீட் கரண்ட் கடத்த வேண்டுமென்றால் கரித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சங்கிலி போட்டிருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவு வரை எவ்வளவு கரி போட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, அந்த அளவைத் தாண்டியதும் தடை சட்டென்று பல ஆயிரம் மடங்கு விழும். அந்த வாசல் அளவு கார்பன் பிளாக்குக்குச் சிமென்ட் எடையில் பல சதவீதம். கார்பன் நானோகுழாய்க்கு ஒரு சதவீதத்துக்கும் கீழேயே போதும், ஏனென்றால் அது நீள நூலாக இருப்பதால் தூரத்தில் இருப்பதையும் எட்டித் தொட்டுவிடுகிறது. ஆனால் அதன் விலையும் எக்கச்சக்கம், அதைப் பிரித்துக் கலப்பதும் பெரும்பாடு. ஆய்வுக்கூடத்தில் அல்ட்ராசோனிக் வைத்துக் குலுக்கித்தான் பிரிக்கிறார்கள். நம் குழிக்குப் பக்கத்தில் அதெல்லாம் நடக்காது. கரியும், அதை உருண்டையாகாமல் பிரித்து வைக்கிற ரசாயனமும் தொழிற்சாலையிலேயே உலர் தூளாகக் கலந்து மூட்டையில் வருவதுதான் சரி. அங்கே வந்து தனித் தனியாகக் கொட்டிக் கலப்பவர்களிடம் வாங்காதீர்கள்.

கலக்கிய பையன் நல்ல கைகாரன். டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக, டிரில்லில் மாட்டிய கலக்கும் கம்பியால் விடாமல் சுற்றினான். "அண்ணா, தண்ணி கூட ஊத்துனா ஈஸியா போகும், ஆனா கரி மேல மெதந்துரும்" என்றான். அப்படியேதான்: இட்லி மாவுப் பதத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான், குழியில் ஊற்றும்போதும் நீளக் கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினான்.

மீந்ததை வாங்கி வெட்டின தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, இரண்டு செம்புக் கம்பிகளை நட்டு வைத்தேன். பக்கத்திலேயே சாதாரணச் சிமென்ட் கலவையில் அதே மாதிரி இன்னொன்று. இந்தப் பொருளை வாங்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் செய்து பாருங்கள், எந்த விளம்பரத்தாளும் சொல்லாததை இது சொல்லும். மறுநாள் ஈரமாக இருக்கும்போது மல்ட்டிமீட்டர் வைத்தால் இரண்டுமே கடத்தும். சாதாரணச் சிமென்ட்டும்! சிமென்ட்டின் துளைகளில் இருக்கிற உப்புக் கரைசல் வழியாக அயனிகள் (மின்னேற்றம் உள்ள துகள்கள்) போகின்றன, அதனால் ஈரமான எந்தக் கான்க்ரீட்டும் ஓரளவு கடத்தத்தான் செய்யும். ஆகவே புதிதாக ஊற்றிய துண்டை மீட்டரில் காட்டி யாராவது அசத்தினால் அசராதீர்கள். இரண்டு வித்தியாசங்கள் உண்டு. மீட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சாதாரணச் சிமென்ட்டின் ரீடிங் ஏறிக்கொண்டே போகும், ஒரு இடத்தில் நிற்காது, ஏனென்றால் மீட்டரின் டிசி கரண்டில் அயனிகள் கம்பியருகே போய்க் குவிந்துவிடுகின்றன. கரி கலந்ததில் எண் பெரிதாக நகராமல் நிற்கும், அங்கே ஓடுவது எலக்ட்ரான். இரண்டாவது, காயவிட்டுப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் கிடந்து காய்ந்த பிறகு சாதாரணத் துண்டு மெகா ஓமுக்குப் போய்விட்டது, கறுப்புத் துண்டு இன்னும் சில பத்து ஓமில்தான் இருக்கிறது. மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து காட்டுகிறேன்.

கொடுத்த கூடுதல் காசு இந்தக் காய்ந்தாலும் கடத்துகிற குணத்துக்குத்தான். ஈரம் இருக்கும் வரை சாதாரணக் கான்க்ரீட்டே நல்ல எர்த். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு எர்த் கிடைக்காமல் தவித்தபோது, ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் அஸ்திவாரக் கான்க்ரீட்டுக்குள் இருந்த கம்பியையே எர்த்தாகப் பயன்படுத்தினார். கான்க்ரீட் சுற்று மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அது பல வருடங்கள் நின்று வேலை செய்தது. எங்களுக்குச் சிக்கல் அந்த மேல் மீட்டர் இடிபாடு. அங்கே கோடையில் ஈரமே இல்லை, செங்கல் துண்டுகளுக்கு நடுவே காற்று இடைவெளி வேறு. ஊற்றின கலவை அந்த இடுக்குகளில் போய் அப்பிக்கொண்டது, காய்ந்தாலும் கடத்துகிறது. உப்பு கரி போட்டால் மழையில் உப்பு கரைந்து போய்விடும். இதில் கரைந்து போக எதுவும் இல்லை.

ரீடிங் சொல்கிறேன். எர்த் மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கிற கருவி) ஸ்பைக், அதாவது சோதனைக் கம்பிகள், மண்ணில் அடித்து முறையாக அளந்தது, கரண்ட் ஸ்பைக்குக்கான வயரைத் தெரு முனை வரை இழுத்துப் போக வேண்டியிருந்தது. கலவை இறுகிய பிறகு ஒவ்வொரு குழியும் தனியாக 10 ஓம் சுற்றி, இரண்டையும் சேர்த்தால் 6. இந்த மே மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அளந்தேன்: சேர்த்து ஆறரை. பழைய குழி இருந்திருந்தால் இதற்குள் எங்கேயோ போயிருக்கும்.

சரி, ஏன் ஒரு ஓம் வரவில்லை? கரண்ட் ராடிலிருந்து கிளம்பி மண்ணுக்குள் பரவிப் போக வேண்டும், தடையில் பெரும்பங்கு அந்த மண்ணுடையது. கணக்குச் சூத்திரத்தில் மண்ணின் தடை நேரடியாகப் பெருக்கலில் வருகிறது, ராடின் விட்டமோ லாகரிதத்துக்குள் வருகிறது. 16 மில்லிமீட்டர் ராடை 200 மில்லிமீட்டர் தூணாக்கினால் விட்டம் 12 மடங்குக்கும் மேல் கூடுகிறது, தடை குறைவதோ ஏறக்குறைய 40 சதவீதம்தான். அந்தத் தூண் முழுக்கச் சுத்தச் செம்பாக இருந்தாலும் இதே 40 சதவீதம்தான். அதனால்தான் கிராஃபீன் (ஒரே அணு தடிமனுள்ள கரித் தகடு) கலந்த ரகம், நானோகுழாய் கலந்த ரகம் என்று மூன்று மடங்கு விலைக்குக் காட்டியதை நான் தொடவில்லை. கலவை மண்ணைவிட நூறு மடங்கு நன்றாகக் கடத்தினால் போதும், அதை ஆயிரம் மடங்காக்கினாலும் மெக்கரில் வித்தியாசம் தெரியாது. இன்னும் குறைய வேண்டுமென்றால் அந்தக் காசுக்கு மூன்றாவது குழி போடுங்கள், அல்லது ராடின் நீளத்தைக் கூட்டுங்கள்.

நானோ கரியின் நிஜமான மகிமை வேறு இடங்களில் இருக்கிறது, அதையும் இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற "வீட்டுச் சுவரே பாட்டரி" வீடியோ உண்மையான ஆராய்ச்சிதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆட்கள் 2023ல் சிமென்ட், தண்ணீர், கார்பன் பிளாக் மூன்றையும் வைத்து சூப்பர் கெபாசிட்டர் (பாட்டரி மாதிரி கரண்டைச் சேமிக்கிற சாதனம்) செய்தார்கள். சிமென்ட் இறுகும்போது தண்ணீர் போகிற பாதைகளில் கரி தானாகவே நூல் நூலாகப் பரவி நிற்கிறது என்பதுதான் அதில் அழகு. 45 கன மீட்டர் கான்க்ரீட்டில் 10 கிலோவாட் மணி, அதாவது 10 யூனிட், சேமிக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். 2025ல் அதை 5 கன மீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அது எலக்ட்ரோலைட்டில் (அயனிகள் உள்ள கரைசலில்) ஊறிய, தட்டுத் தட்டாகப் பிரித்த சமாச்சாரம். நம் எர்த் குழி எதையும் சேமிக்காது. அதே மாதிரி, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ரோகா என்ற ஊரில் 2002ல் பாலத்தின் மேல் கண்டக்டிவ் கான்க்ரீட் போட்டு, கரண்ட் கொடுத்துச் சூடாக்கிப் பனியை உருக்கினார்கள். நமக்கு அது வேண்டாம். நமக்குப் பொருந்தக்கூடியது, சுமை மாறும்போது தடையும் மாறுவதால் தானே விரிசலைச் சொல்லும் கான்க்ரீட். டெபோரா சுங் என்ற ஆராய்ச்சியாளர் 1990களிலேயே கார்பன் இழை கலந்து இதைக் காட்டிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் கடல் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்க்ரீட் உரிந்து தொங்குகிற தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் இது சீக்கிரம் இங்கே வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வாங்குகிறவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ராடு. மலிவாக முடித்துத் தருகிறேன் என்று ஜிஐ ராடையோ வெறும் இரும்பையோ இந்தக் கலவைக்குள் இறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கரியும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு செல் ஆகிவிடும், கரைவது இரும்புதான், கரிக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பழைய பைப்பில் கரி ஒட்டிய பக்கம் அதிகம் அரித்திருந்ததற்கும் இதுதான் காரணம், உப்பு அதை இன்னும் வேகப்படுத்தியது. அதே காரணத்துக்காக, மீந்த கலவையை எடுத்து வீட்டு பீம், தூண் விரிசலில் பூசிவிடவும் கூடாது. உள்ளே இருப்பது கம்பி. கலவைக்கான சோதனை அறிக்கை கேளுங்கள். எர்த்திங் காம்பவுண்டுக்கென்று (ராடைச் சுற்றி நிரப்புகிற தூள்) ஐஇசி 62561-7 என்ற சர்வதேசத் தர நிர்ணயம் இருக்கிறது, அதில் கடத்துதிறன், கரைந்து வெளியேறுதல், கந்தக அளவு, அரிப்பு எல்லாம் சோதிக்கப்படும். எங்களுக்கு வந்தவர்கள் கேட்டவுடன் காட்டினார்கள்.

இனி குறை. கறுப்புத் தூள் பறக்கிற வேலைக்கு வந்த பையன்கள் ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. கேட்டால் "பழக்கம்ணா" என்கிறார்கள். கார்பன் பிளாக்கை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி பிரிவில்தான் ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) வைத்திருக்கிறது, ஒரு வகை நானோகுழாயும் அதே பட்டியலில் உண்டு. இறுகிய பிறகு பயமில்லை, தூளாகப் பறக்கும்போதுதான் ஆபத்து. மெடிக்கலில் என்95 வாங்கிக் கொடுத்த பிறகுதான் மூட்டையைப் பிரிக்க விட்டேன். மூட்டைக்கு இவ்வளவு விலை போடுகிறவர்கள் மாஸ்க்கைச் சேர்த்து அனுப்ப முடியாதா? டிரம் கழுவிய கறுப்புத் தண்ணீரையும் தெருக் கால்வாயில் ஊற்றப் போனார்கள், தடுத்து மண்ணில் ஊற்றச் சொன்னேன். இந்த ஒரு விஷயத்துக்காகவே முழு மார்க் தர மாட்டேன்.

விலை, சாதாரண எர்த்திங் காம்பவுண்டைப் போல இரண்டரை மடங்கு. இடிபாட்டு நிலம், கோடையில் காய்கிற மண், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடம் என்றால் கொடுக்கலாம். காசிமேட்டில் மச்சான் ஐஸ் உடைக்கிற மெஷின் வைத்திருக்கிறார், அவரும் இதையே போடலாமா என்று கேட்டார். வேண்டாம் மச்சான் என்று சொல்லிவிட்டேன். அங்கே நிலத்தடி நீரே உப்பு, வெறும் ராடு இறக்கினாலே இரண்டு மூன்று ஓம் வந்துவிடுகிறது. அவருக்குப் பிரச்சினை அரிப்புதான், அந்தக் காசுக்கு செம்புப் பூச்சு தடிமனான ராடும் நல்ல க்ளாம்பும் வாங்கினால் போதும்.

சிஎன்சி டிரைவ் (மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற எலக்ட்ரானிக் பெட்டி) எரிவது நின்றுவிடும் என்று நினைத்து இதை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எர்த் குழி மட்டும் அதைச் செய்யாது, போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென்று எகிறுகிற வோல்டைத் தடுக்கிற சாதனம்) தனியாகப் போட வேண்டும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லாமல் எந்த எர்த்தையும் நம்பாதீர்கள். ஆறு ஓமில் 230 வோல்ட் ஃபால்ட் ஆனால் ஓடுவது அதிகபட்சம் 38 ஆம்பியர், 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் துண்டிக்கிற ஸ்விட்ச்) அதற்கு உடனே விழாது, மெஷின் பாடி கரண்டோடு நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் பழைய 19 ஓமிலேயே கண் சிமிட்டும் நேரத்தில் விழும். பெரம்பூர், கொளத்தூர்ப் பக்கம் வீட்டுக்குப் போடலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் போர்டைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் முதல் செலவு அதுதான், குழி அப்புறம்.